உயிர் காத்த உழைப்பாளி டாக்டர் சுப்பாராவ்

உழைப்பிற்கு உடனே பலன் கிடைக்காவிட்டால் நாம் சோர்ந்து போகிறோம். அவ்வேளையில் நினைக்க வேண்டிய பெரியார் டாக்டர் எல்லப்பிரகட சுப்பாராவ்.

அவர் 1895 ஜனவரி 12 அன்று, அந்நாளைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்றார். மூன்றாம் முறை, சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் காந்தியடிகளின் வழியில் கதர் உடுத்தினார். ஆங்கிலேயப் பேராசிரியர் அதை விரும்பவில்லை. ஆகவே எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். தான் கிடைத்தது. அவருடைய சகோதரரையோ ஸ்ப்ரூ என்னும் குடல் நோய் பலி கொண்டது.

1923-இல் மனைவி சேஷகிரியைப் பிரிந்து அமெரிக்கா சென்றார். மருத்துவமனையில் நோயாளிகளின் மலச்சட்டிகளைக் கழுவிப் பிழைத்துக்கொண்டே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படித்தார். 1925-இல் ஃபிஸ்க் என்னும் அறிஞருடன் சேர்ந்து, உடலிலுள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை வெளியிட்டார். பின்னர் இருவரும் தசைகளில் பாஸ்போகிரியாட்டினையும் ஏ.டி.பி.யையும் கண்டறிந்தனர். தசை அசைவதற்கும், நம் மூளையின் நரம்புகளில் செய்தி ஓடுவதற்கும் ஆற்றல் தருவது இந்த ஏ.டி.பி. தான்.

1930-இல் அவர் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னும் பத்தாண்டுகள் அங்கேயே ஆராய்ந்தார். ஆயினும் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலைகளில் ஒப்பந்த வேலை பார்ப்போர் வீடுகளில் வளரும் நமக்கு, நிரந்தரம் என்ற சொல்லின் அருமை நன்றாகத் தெரியும்.

1940-இல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். 1945-இல் அவருடைய குழுவினர் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தனர். சகோதரரைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கும் அது மருந்தாயிற்று! இன்று கருவிலுள்ள குழந்தையின் மூளையும் தண்டுவடமும் குறையின்றி வளரத் தாய்மாருக்குத் தருவதும் அதுவே. யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மாத்திரையும், இரத்தப் புற்றுநோய்க்கான மெத்தோட்ரெக்சேட்டும் அவர் நடத்திய ஆராய்ச்சியின் கொடைகளே.

1948 ஆகஸ்டில், 53-ஆம் வயதில், நியூயார்க்கில் மறைந்தார். தாயகம் திரும்பவே இல்லை. சேஷகிரி அம்மையார் அவரை மீண்டும் காணவும் இல்லை. அவர் பெற்ற புகழில் அந்த அம்மையாரின் தியாகத்திற்கும் பங்கு உண்டு. நோபல் பரிசும் அவருக்குக் கிட்டவில்லை. இந்திய அரசு 1995-இல் அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது.

பதவி அவருக்கு நிலைக்கவில்லை, பணி நிலைத்தது. பலன் தாமதமானாலும் கடமையில் தளராதிருக்க இறைவன் நமக்கு அருள்வாராக!