கைதிகளை மீட்ட நான்ஸென்

1914-ல் மூண்ட மகாயுத்தம் 1918-ல் நின்றது. ஆயினும் லட்சக்கணக்கான யுத்தக் கைதிகள் அதன் பிறகும் வீடு திரும்பவில்லை. ஜெர்மானியரும் ஆஸ்திரியரும் ஹங்கேரியரும் ருஷியாவில், முக்கியமாய் ஸைபீரியாவில், பசிக்கும் குளிருக்கும் நோய்க்கும் இரையாகிக்கொண்டிருந்தனர். ருஷியச் சிப்பாய்கள் பலர் ஜெர்மனியில் சிக்கிக் கிடந்தனர். வென்ற வல்லரசுகள் பொல்ஷ்விக் அரசாங்கத்தை அங்கீகரிக்க மறுத்தன. அவ்வரசாங்கமோ சர்வதேச சங்கத்தை அங்கீகரிக்க மறுத்தது. இவ்விரு மறுப்புகளுக்கும் இடையே நசுங்கிய எளியோரை மீட்ட பெருமை நார்வே தேசத்து பிரித்யோப் நான்ஸெனைச் சாரும்.

1861-ல் கிறிஸ்டியானியா நகருக்கருகே பிறந்த நான்ஸென், பிராணி சாஸ்திரம் பயின்றவர். 1888-ல் கிரீன்லாந்தின் பனிப்பரப்பைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்தார். 1893-ல் பிராம் என்னும் கப்பலில் வடதுருவக் கடலுக்குப் புறப்பட்டு, 1895-ல் அதுவரை எவரும் எட்டாத வடகோடியைத் துணைவர் ஒருவருடன் எட்டினார். 1905-ல் நார்வே ஸ்வீடனின் பிணைப்பிலிருந்து யுத்தமின்றிப் பிரிந்தபொழுது, தம் நாட்டின் நியாயத்தை ஐரோப்பாவுக்கு எடுத்துரைத்தார். மறு ஆண்டு, சுதந்திர நார்வேயின் முதல் தூதராக லண்டனுக்குச் சென்றார்.

1920 ஏப்ரலில் சர்வதேச சங்கம் கைதிகளை மீட்கும் பொறுப்பை அவரிடம் ஒப்புவித்தது. சங்கத்தின் பிரதிநிதியோடு பேச முடியாதென மாஸ்கோ அதிகாரிகள் கைவிரித்தனர். நான்ஸென் தம் பதவியின் கௌரவத்துக்காக வாதாடவில்லை. கைதிகளின் சொந்த அரசாங்கங்களுடைய பிரதிநிதியாக அவரோடு பேசுவதென்று ஏற்பாடாயிற்று, வழியும் திறந்தது. ருஷியர் கைதிகளை ரயிலில் எல்லைக்குக் கொணர்ந்தனர். நார்வாவிலிருந்து கப்பல்கள் அவர்களைப் பால்டிக் கடல் வழியே ஜெர்மனியின் ஸ்டெட்டின் துறைமுகத்தில் சேர்த்தன. அங்கிருந்து ருஷியச் சிப்பாய்கள் தாய்நாடு திரும்பினர். இரு திறத்தாருக்கும் லாபமாயிருந்ததாலேயே ஏற்பாடு நிலைத்தது. 1922-க்குள் 4,00,000-க்கும் மேற்பட்டோர் வீடு சேர்ந்தனர்.

1921-ல் வால்கா நதிப் பிரதேசத்தைக் கொடிய பஞ்சம் பீடித்தது. ருஷியாவுக்குக் கடனளிக்குமாறு ஜினீவாவில் அவர் மன்றாடினார். சோறிட்டால் பொல்ஷ்விக்குகள் வலுப்பெறுவர் என்றஞ்சிய அரசாங்கங்கள் கையை மூடிக்கொண்டன. அவரோ பொதுஜனங்களிடம் நிதி திரட்டினார். 1922-ல் கிடைத்த நோபல் சமாதானப் பரிசுத் தொகையையும் நிவாரணப் பணிக்கே செலவிட்டார். நாடிழந்த அகதிகளுக்கு அவ்வாண்டில் அவர் ஏற்படுத்திய அடையாளப் பத்திரம் நான்ஸென் பாஸ்போர்ட் என்று பெயர் பெற்றது. 1930-ல் அவர் காலமானார்.

பகை நாட்டில் தம் மக்கள் சிறைப்பட்டிருக்கையில், அந்நாட்டைக் கண்டித்து மேடைகளில் முழங்குவது எளிது. முழக்கம் சிறைக்கதவைத் திறப்பதில்லை. எதிரியோடு பேசுவது அவன் கொள்கையை ஏற்பதாகாது என்பதை நான்ஸென் உணர்ந்திருந்தார். யாரை யார் அங்கீகரிப்பது என்ற வழக்கை அவர் பின்னுக்குத் தள்ளினார். ஸைபீரியக் குளிர் அதன் தீர்ப்புக்காகக் காத்திராதென அறிந்திருந்தார். தேசபக்தியும் மானிட அபிமானமும் ஒன்றுக்கொன்று விரோதமானவை என்போருக்கு அவர் வாழ்வே தக்க மறுமொழி.