அரை மணியை விட்டுக் கொடுத்த பிரபு

இங்கிலாந்தின் செல்வக் குடும்பம் ஒன்றில் 1801-ம் ஆண்டு பிறந்தவர் ஆஷ்லி. பின்னாளில் ஷாப்ட்ஸ்பரி பிரபு என்று உலகம் போற்றியது இவரைத்தான். வீட்டில் செல்வம் இருந்தது. பெற்றோரின் பரிவு இல்லை. வீட்டுப் பணிப்பெண் மரியா மில்லிஸ் ஒருத்திதான் குழந்தையிடம் அன்பு காட்டினாள்.

அந்நாளில் பஞ்சாலைகளில் பச்சிளம் பாலகர்கள் விடியுமுன் புகுந்து, இருட்டிய பின் வெளியே வந்தனர். 1802-லும் 1819-லும் சட்டங்கள் பிறந்திருந்தன. அமல் நடக்கிறதா என்று பார்க்கச் சம்பள அதிகாரி ஒருவரும் இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

1833-ல் ஆஷ்லி பார்லிமெண்டில் பத்து மணி நேர வேலை மசோதாவுக்காக வாதாடினார். அது தோற்றது. ஆனால் சர்க்கார் தானே ஒரு சட்டம் செய்தது. பட்டு ஆலைகள் நீங்கலாக, நெசவாலைகளில் ஒன்பது வயது நிரம்பாத குழந்தைகளை வைக்கக் கூடாது. சட்டத்தைக் கண்காணிக்க நான்கு இன்ஸ்பெக்டர்கள். வயதுக்கு அத்தாட்சி? பிறப்புப் பதிவு 1837-ல்தான் தொடங்கிற்று. ஆகவே டாக்டர் குழந்தையின் உடற்கட்டைப் பார்த்துச் சான்று தந்தார். அதை முதலாளி வாங்கி வைக்க வேண்டும்.

1842-ல், பெண்களையும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் சுரங்கத்துக்குள் இறக்கக் கூடாது என்ற சட்டத்தை ஆஷ்லியே நிறைவேற்றினார்.

1846-ல் தானியச் சட்ட விவகாரத்தில் மனம் மாறினார். பழைய கருத்தைச் சொல்லி வோட்டு வாங்கியவர் பதவியில் நீடிப்பது முறையல்ல என்று ராஜினாமாச் செய்தார். மறு ஆண்டு பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் பத்து மணி நேர வேலைச் சட்டம் நிறைவேறியபோது அவர் சபையில் இல்லை. முன்னின்று நடத்தியவர் ஜான் பீல்டன். அவரோ ஓர் ஆலை முதலாளி!

முதலாளிகள் சிலர் சந்து கண்டுபிடித்தனர். ஆட்களை மாற்றி மாற்றி நாள் முழுவதும் ஆலையை ஓட்டினர். யார் எவ்வளவு நேரம் உழைத்தார் என்று இன்ஸ்பெக்டரால் கண்டறிய முடியவில்லை. 1850-ல் கோர்ட்டும் இது சட்ட விரோதமல்ல என்றது.

மீண்டும் சபைக்கு வந்திருந்த ஆஷ்லி தர்மசங்கடத்தில் ஆழ்ந்தார். சர்க்கார் ஒரு சமரசம் சொன்னது: காலை ஆறு முதல் மாலை ஆறுக்குள் வேலை, சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி, சனிக்கிழமை இரண்டு மணிக்கு ஓய்வு. அதாவது தினம் அரை மணி அதிகம். ஆனால் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் ஒரே மணி. ஏமாற்ற இடமில்லை. ஆஷ்லி இசைந்தார். அவர் யாருக்காகப் பாடுபட்டாரோ அந்தத் தொழிலாளர்களில் பலரே அவரைத் துரோகி என்று தூற்றினர். அவர் பொறுத்துக் கொண்டார்.

முதுமையிலும் அவர் ஓயவில்லை. 1875-லும் 1879-லும் பிரபுக்கள் சபையில் இந்திய ஆலைத் தொழிலாளருக்காகப் பேசினார். 1881-ல் இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் பிறந்தது. 1885-ல் அவர் கண் மூடினார்.

வேலை நேரத்தை எழுதி ஆலையில் எல்லோரும் பார்க்கும்படி மாட்ட வேண்டும் என்று 1948-ம் ஆண்டின் இந்தியச் சட்டம் முதலாளிக்கு விதித்தது. கண்ணால் பார்த்துச் சரிபார்க்க முடிந்த சட்டமே ஏழையைக் காக்கும். அந்த உண்மைக்காகத்தான் பிரபு அன்று அரை மணியை விலையாகக் கொடுத்தார்.