விண்ணை அளந்த விடுதலை வீரர்

நுழையும்முன்

வானத்தை ஆராய்ந்தவர் உண்டு. வானில் பறந்து போரிட்டவர் உண்டு. இவ்விரண்டையும் செய்து, அடிமைப்பட்டிருந்த தம் மக்களுக்கு ஒரு நாட்டையும் பெற்றுத் தந்தவர் மிலன் ஸ்டெஃபானிக். உடல்நலம் குன்றிய ஒருவரின் உள்ளவலிமை வரலாற்றை மாற்றிய கதை இது.

இளமையும் கல்வியும்

ஐரோப்பாவின் நடுவே அமைந்த சிறிய நாடு ஸ்லோவாக்கியா. 19ஆம் நூற்றாண்டில் அது அங்கேரி அரசின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. ஸ்லோவாக் மொழி பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் புறக்கணிக்கப்பட்டது. அந்நிலையில், கோஷாரிஸ்கா என்னும் சிற்றூரில், 1880ஆம் ஆண்டு சூலை 21ஆம் நாள், சமயப் போதகர் ஒருவரின் மகனாக ஸ்டெஃபானிக் பிறந்தார். வீட்டில் ஊறிய தாய்மொழிப் பற்று அவரது வாழ்நாள் முழுவதும் வற்றவில்லை.

பொறியியல் பயில 1898இல் பிராகா நகருக்குச் சென்ற அவரை விண்மீன்கள் ஈர்த்தன. பல்கலைக்கழகத்தில் வானியல் கற்று, 1904இல் முனைவர் பட்டம் பெற்றார். அங்குப் பேராசிரியராக விளங்கிய மசாரிக்கின் சிந்தனைகள், தம் இனத்தின் எதிர்காலம் குறித்த கேள்விகளை அவருள் எழுப்பின.

மலைமுகட்டில் ஆய்வு

பட்டம் பெற்றவுடன் பாரிசு சென்றார். கையில் பொருளில்லை, பிரெஞ்சு மொழியிலும் தேர்ச்சியில்லை. எனினும், புகழ்பெற்ற வானியலாளர் ழான்சன் அவரது திறமையை உணர்ந்து மெடோன் ஆய்வகத்தில் இடமளித்தார். 4800 மீட்டருக்கும் மேல் உயர்ந்த மோன் பிளாங் சிகரத்தின் ஆய்வுக்கூடத்திற்குப் பலமுறை ஏறிச் சூரியனை ஆராய்ந்தார். வயிற்று நோயால் ஓயாது துன்புற்ற ஒருவர் பனிமலை ஏறியது வியப்பிற்குரியது. 1910இல் ஹாலி வால்மீனைக் காணத் தகிதித் தீவிற்கும் சென்றார். 1912இல் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றார்.

போர்ப்பறவை

1914இல் முதல் உலகப்போர் மூண்டது. நோயைக் காரணங்காட்டி ஒதுங்கியிருக்க அவரால் இயலும். ஆனால், தம் மக்களின் விடுதலைக்கு இதுவே வாய்ப்பெனக் கருதிய அவர், வானூர்தி ஓட்டப் பயின்று 1915இல் போர்முனை சென்றார். மரச்சட்டமும் துணியும் கொண்ட அக்கால வானூர்திகளுக்குக் காற்றும் மேகமும் பகைவரினும் கொடியவை. எனவே, படைக்கு வானிலை அறிவிப்பு இன்றியமையாதது என்பதை உணர்த்தி, அப்பணியை ஒழுங்குபடுத்த உதவினார். விண்ணறிவு வீரர்களின் உயிர்காக்கும் கருவியாயிற்று. பின்னர்ச் செர்பியப் போர்முனையில் பறந்தார். அந்நாடு வீழ்ந்தபோது கடும் நோயுற்ற அவர், வானூர்தியில் அல்பேனியாவுக்கும் பின்னர் உரோமுக்கும் கொண்டுசெல்லப்பட்டார்.

நாட்டை உருவாக்கியவர்

உடல் தேறியதும் அரசியற் களம் புகுந்தார். 1916இல் மசாரிக்கைப் பிரெஞ்சுத் தலைமை அமைச்சர் பிரியானிடம் அறிமுகப்படுத்தினார். மசாரிக், பெனெஷ் ஆகியோருடன் இணைந்து செக்கோஸ்லோவாக்கியத் தேசிய மன்றத்தை நடத்தினார். உருசியா, உருமேனியா, இத்தாலி, அமெரிக்கா எனப் பயணம் செய்து தன்னார்வப் படைகளைத் திரட்டினார். பிரெஞ்சுப் படையில் தளபதியாக உயர்ந்தார். 1918 அக்டோபர் 28இல் செக்கோஸ்லோவாக்கியா பிறந்தது. அவர் போர்த்துறை அமைச்சரானார்.

இறுதிப் பயணம்

விடுதலை பெற்ற தாயகத்தைக் காணும் வேட்கையுடன், 1919 மே 4ஆம் நாள், இத்தாலியிலிருந்து கப்ரோனி வானூர்தியில் புறப்பட்டார். பிராத்திஸ்லாவா நகரை நெருங்கியபோது, இறங்குவதற்கு முன்பே ஊர்தி வீழ்ந்தது. அவரும் உடன்வந்த இத்தாலியர் மூவரும் உயிரிழந்தனர். விபத்தின் காரணம் இன்றளவும் விவாதிக்கப்படுகிறது. எந்த மண்ணுக்காக உழைத்தாரோ, அம்மண்ணில் அவர் உயிருடன் கால்பதிக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 38. பிராட்லோ குன்றின்மீது, 1928இல் நிறைவுற்ற கல்மாடத்தில் அவர் துயில்கிறார். நோயுற்ற உடலும் வறுமையும் பேருள்ளத்திற்குத் தடையாகா என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

தெரிந்து தெளிவோம்

1993 சனவரி 1இல் ஸ்லோவாக்கியா தனிநாடானது. பிராத்திஸ்லாவா வானூர்தி நிலையம் ஸ்டெஃபானிக்கின் பெயரைத் தாங்கியுள்ளது. அந்நாட்டு வான்படை மிக்-29 போர்வானூர்திகளுக்கு 2022இல் விடைகொடுத்தது. அவற்றின் இடத்தை நிரப்ப 14 எஃப்-16 ஊர்திகளுக்கு ஒப்பந்தம் செய்தது. அவற்றுள் முதலாவன 2024இல் வந்து சேர்ந்தன.

கற்பவை கற்றபின்

அறிவியல் அறிவை நாட்டுப்பணிக்குப் பயன்படுத்திய பிற சான்றோர் குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.