காக்கை விரட்டிய பாராளுமன்ற அங்கத்தினர்

இங்கிலாந்தின் வார்விக்‌ஷயர் ஜில்லாவில், பார்ஃபோர்டு என்னும் கிராமத்தில் 1826-ஆம் ஆண்டு பிறந்தவர் ஜோசப் ஆர்ச். ஒன்பது வயதிலேயே வயலில் காக்கை விரட்டப் போய்விட்டார். பின்னர் வேலி செதுக்கும் தொழிலில் பெயரெடுத்தார். அக்காலத்தில் கூலியாட்கள் பலர் பண்ணை முதலாளியின் குடிசையிலேயே குடியிருந்தனர். வாய் திறந்தால் வேலையோடு வீடும் போய்விடும். ஆர்ச்சின் குடிசையோ சொந்தக் குடிசை. அவருடைய துணிச்சலில் பாதி அந்தக் கூரை தந்ததுதான் போலும்!

1872 பிப்ரவரி 7-ந் தேதி இரவு, வெல்ஸ்பர்ன் கிராமத்து மரத்தடியில் அவர் பேச நின்றார். முப்பது நாற்பது பேரை எதிர்பார்த்தவர் முன் ஆயிரத்துக்கும் அதிகமானோர் கூடிவிட்டனர். அவ்வாண்டே விவசாயத் தொழிலாளர் தேசியச் சங்கம் பிறந்தது. ஆர்ச் அதன் தலைவரானார்.

1884-ல் நாட்டுப்புறத் தொழிலாளிக்கும் வாக்குரிமை வந்தது. மறு ஆண்டே தொலைவிலுள்ள வடமேற்கு நார்ஃபோக் தொகுதி ஆர்ச்சைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிற்று. வேல்ஸ் இளவரசரின் சாண்ட்ரிங்ஹாம் மாளிகையும் அத்தொகுதியில்தான் இருந்தது என்பது வேடிக்கை!

1886 ஜனவரியில், கூலியாட்களுக்குத் துண்டு நிலம் வேண்டுமென்ற திருத்தத்தை ஆதரித்துச் சபையில் பேசினார். திருத்தம் நிறைவேறியது; சால்ஸ்பரியின் மந்திரிசபை கவிழ்ந்தது. அதே ஆண்டுத் தேர்தலில் ஆர்ச்சும் தோற்றார். 1892-ல் மீண்டும் வென்று, முதிய ஏழைகளின் நிலையை ஆராய்ந்த அரச விசாரணைக் குழுவில் அந்த இளவரசருடனேயே அமர்ந்தார்.

1919-ல், தாம் பிறந்த அதே குடிசையில் காலமானார்.