மூலையை வெட்டியவர்

கையில சாக்பீஸ் இருக்கா? தரையில ஒரு சதுரம் போட்டு, நாலு மூலையையும் சாய்வா வெட்டுங்க. ஸ்பெயின் நாட்டு பார்சிலோனாவில் ஒரு 'பிளாக்' தயார்! அப்படி நூற்றுக்கணக்கில் வரைந்தவர் இல்டெஃபோன்ஸ் செர்தா.

1815-ல் ஒரு பண்ணை வீட்டில் பிறந்தார். பொறியாளராகி அரசாங்க வேலையில் சேர்ந்தார். அண்ணன்மார் இறந்துபோனதால் குடும்பச் சொத்து இவருக்கு வந்தது. வேற யாராவது இருந்தா ஜாலியா உட்கார்ந்து சாப்பிட்டிருப்பாங்க. இவர் 1849-ல் வேலையை விட்டுவிட்டு, நகரங்களை ஆராய்வதிலேயே பணத்தை இறக்கினார்.

அப்போது பார்சிலோனாவைச் சுற்றிக் கோட்டை மதில். மதிலுக்கு வெளியே பீரங்கிக் குண்டு பாயும் தூரம் வரை வீடு கட்டக்கூடாது என்று ராணுவத் தடை. உள்ளே ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் நெருக்கியடித்துக்கொண்டு! காலரா வராம என்ன செய்யும்? 1854-ல்தான் மதிலை இடிக்கத் தொடங்கினார்கள். செர்தா தொழிலாளர்களின் வாடகை, கூலி, சாப்பாட்டுச் செலவு எல்லாம் கணக்கெடுத்தார். பணக்காரர்களின் சராசரி ஆயுள் சுமார் 36 வருஷம். தொழிலாளர்களுக்கு 23 தான்!

1859-ல் அவர் திட்டம் வந்தது. பிளாக் ஒவ்வொன்றும் 113 மீட்டர் நீளம், அகலம். தெரு 20 மீட்டர். கட்டடம் 16 மீட்டர் உயரத்துக்கு மேல் போகக்கூடாது. முக்கியமான விஷயம் இதுதான்: இரண்டு பக்கம் மட்டுமே வீடு, நடுவில் தோட்டம். எல்லா வீட்டுக்கும் வெயிலும் காற்றும் வரணும். மூலையை வெட்டியது எதற்கு? நீராவி வண்டிகள் திரும்புவதற்கு. கார் கண்டுபிடிக்காத காலம் பாருங்க!

ஆனால் நகரசபைக்குப் பிடித்தது போட்டியில் ஜெயித்த வேறொருவர் திட்டம். மாட்ரிட் அரசு செர்தாவின் திட்டத்தைத்தான் கட்டச் சொல்லி உத்தரவு போட்டது. உள்ளூரில் ஒரே கோபம். நிலச் சொந்தக்காரர்கள் நாலு பக்கமும் கட்டினார்கள். மாடி மேல் மாடி ஏற்றினார்கள். தோட்டம் வரவேண்டிய இடத்தில் பட்டறையும் கிடங்கும் வந்தன. தெருவும் வெட்டிய மூலையும்தான் தப்பின.

சொத்தெல்லாம் கரைந்து, 1876-ல் ஏழையாகவே இறந்தார் செர்தா.

நூறு வருஷம் கழித்து, 1980-களில், நகர நிர்வாகம் அந்த நடு இடங்களை ஒவ்வொன்றாக மீட்க ஆரம்பித்தது. ஒரு பிளாக்குக்குள்ளே பழைய தண்ணீர்க் கோபுரம் ஒன்று நிற்கிறது. அதன் காலடியில் ஆழமில்லாத குளம், சுற்றி மணல். கோடை வந்தால் அங்கே சின்னப் பசங்க தண்ணியில ஒரே ஆட்டம்தான்!