தும்பாவைத் தேடி வந்த விஞ்ஞானி

தென்னையும் கடலும் சூழ்ந்த ஊர் எப்படியிருக்கும் என்பதைப் பாகான் டத்தோவில் வாழும் நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. கேரளத்தில், திருவனந்தபுரத்தை அடுத்துள்ள தும்பாவும் அத்தகையதோர் ஊரே. மீனவர் வாழ்ந்த அச்சிற்றூரை உலகறியச் செய்தவர் டாக்டர் விக்ரம் சாராபாய் ஆவார்.

அன்னார் 1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் அகமதாபாத்தில், துணி ஆலைகள் நடத்திய செல்வக் குடும்பத்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் பயின்றவர், உலகப் போரின் காரணமாகத் தாயகம் திரும்பி, பெங்களூரில் சர் சி. வி. இராமனின் கீழ் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். 1942இல் நாட்டியக் கலைஞர் மிருணாளினியை மணந்தார். இவ்வம்மையார், நேதாஜியின் ஜான்சிராணிப் படைக்குத் தலைமை தாங்கிய கேப்டன் இலட்சுமியின் தங்கை! மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பெண்கள் பலர் அப்படையில் சேர்ந்தனர் என்பதால், இவ்வுறவை அறிந்து நம் பெற்றோர் மகிழ்வர்.

விண்ணிலிருந்து ஓயாது பொழியும் அண்டக் கதிர்களைப் பற்றியே சாராபாய் ஆராய்ந்தார். மின்னூட்டம் கொண்ட அத்துகள்களின் பாதையைப் பூமியின் காந்தப் புலம் வளைத்துவிடுகிறது. ஆகவே அவை எத்திசையிலிருந்து புறப்பட்டன என்று அறிய விரும்புவோர் முதலில் அக்காந்தப் புலத்தை அறிந்தாக வேண்டும். 1947இல் டாக்டர் பட்டம் பெற்ற அவர், அதே ஆண்டில் அகமதாபாத்தில் பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தை நிறுவினார். அப்போது அவருக்கு வயது 28 தான்.

காந்த ஊசி ஒன்றை மேலும் கீழும் தடையின்றி அசையுமாறு அமைத்தால், வட நாடுகளில் அதன் ஒரு முனை மண்ணை நோக்கிச் சாயும். காந்த நடுக்கோட்டில் மட்டுமே அது சாயாமல் கிடையாக நிற்கும். அக்கோட்டை ஒட்டிய இடங்களில் பூமியின் காந்த வலிமை பகலில் வழக்கத்துக்கு மீறி உயர்ந்து, மாலையில் தணிவதைக் கொடைக்கானல் முதலிய ஆய்வு நிலையங்களில் கண்டனர். வானில் மின்னோட்டமொன்று ஆறு போல மேற்கிலிருந்து கிழக்கே ஓடுவதே காரணம் எனக் கணித்தனர். அது எவ்வுயரத்தில் ஓடுகிறது? பலூன் ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்கு மேல் செல்லாது. செயற்கைக்கோளோ அவ்வளவு தாழ்வாகச் சுற்ற இயலாது. இராக்கெட் ஒன்றே வழி. அதையும் அக்கோட்டின் அருகிலிருந்தே ஏவ வேண்டும். அந்நாளில் கோடு தும்பாவுக்கு மிக அருகே சென்றது.

ஆனால் அம்மண்ணில் மீனவரின் வீடுகளும் புனித மகதலேனா மரியாள் தேவாலயமும் இருந்தன. சாராபாய் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவை நாடினார். ஆயர் அதைச் சபை மக்களிடம் எடுத்துரைக்க, அவர்களும் இசைந்தனர். தலைமுறைகளாக வாழ்ந்த மண்ணைவிட்டுப் பெயர்வது எத்தகையது என்பதைத் தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் நன்கறியும். சாராபாயின் வரலாற்றில் அம்மீனவர்க்கும் பாதி இடம் உண்டு என்பதே எங்கள் எண்ணம்.

தேவாலயம் அலுவலகமாயிற்று, ஆயர் இல்லம் தொழிற்கூடமாயிற்று. இராக்கெட்டின் பாகங்கள் சைக்கிளில் சென்றன! 1963 நவம்பர் 21ஆம் நாள் அந்திப் பொழுதில் முதல் இராக்கெட் எழுந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த அது வானில் சோடிய ஆவியைத் தூவ, செம்மஞ்சள் மேகம் படர்ந்தது. அதன் அசைவைக் கொண்டு மேல்வானக் காற்றின் போக்கை அறிந்தனர். பின்னர்ச் சென்ற இராக்கெட்டுகள் காந்தமானிகளைச் சுமந்து, அந்த மின்னாற்றின் நடுவே புகுந்து வந்தன. அது 100 கிலோமீட்டருக்குச் சற்று மேலே ஓடுவது புலனாயிற்று.

1971 டிசம்பர் 30ஆம் நாள், தும்பாவிலிருந்து தொலைவில் இல்லாத கோவளத்தில் சாராபாய் உறக்கத்திலேயே உயிர் நீத்தார், வயது 52. 2023 ஆகஸ்டு 23இல் நிலவின் தென்பகுதியில் இறங்கிய இந்தியக் கலம் 'விக்ரம்' எனும் அவர் பெயரையே தாங்கியது. தும்பாவின் அத்தேவாலயம் இடிக்கப்படவில்லை. அது இப்பொழுது விண்வெளி அருங்காட்சியகமாக விளங்குகிறது.