வண்ணார்பண்ணைப் பள்ளிக்கூடமும் நாவலர் பெருமானும்

வவுனியா சைவப்பிரகாச மகளிர் கல்லூரியை அறியாதார் நம்மில் இலர். சைவப்பிரகாசம் என்னும் அப்பெயரை ஈழத்திலே முதன்முதலாக ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சூட்டியவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் பெருமான் ஆவார்.

1822ஆம் ஆண்டு டிசெம்பர் 18ஆம் திகதி கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் கடைசி மகனாக நாவலர் அவதரித்தார். தமிழை நல்லாசிரியர்களிடமும், ஆங்கிலத்தை வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலும் கற்றார். அப்பாடசாலைத் தலைவர் பேர்சிவல் பாதிரியார் இவருடைய புலமையைக் கண்டு அங்கேயே ஆசிரியராக்கினார். விவிலியத்தைத் தமிழாக்கும் பணியிலும் துணையாக வைத்துக்கொண்டார். சைவப் பிள்ளை அந்த வேலையைச் செய்யலாமா என்று அக்காலத்திலேயே கேட்டவர்கள் உண்டு. ஆனால், பள்ளிக்கூடம் நடத்தும் முறையை நாவலர் நேரிலே கண்டறிந்தது அங்கேதான்.

அந்நாளிலே ஊர்ப் பிள்ளைகளுக்கு இருந்த வழி இரண்டே. ஒன்று திண்ணைப் பள்ளி. அங்கே ஏட்டுச் சுவடியும் மனனமும். மற்றையது மிஷன் பாடசாலை. அங்கே அச்சுப் புத்தகம், வகுப்பு முறை எல்லாம் இருந்தன, கூடவே மதமாற்றமும் இருந்தது. திருநீறு பூசிச் செல்லும் பிள்ளை படித்து முடித்து வரும்போது எந்த நெற்றியுடன் வருவான் என்பதே பெற்றோரின் கவலை.

நாவலர் மிஷன் வேலையில் இருந்தபடியே காலையிலும் இரவிலும் தம் வீட்டில் சில பிள்ளைகளுக்கு வேதனமின்றிப் பாடஞ் சொல்லி வந்தார். பின்னர் 1848ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, நல்ல சம்பளம் தந்த உத்தியோகத்தையும் அவ்வாண்டே விட்டு விலகினார். திருமணமும் செய்துகொள்ளவில்லை. கையில் முதலின்றிப் பள்ளிக்கூடம் நடத்துவது எத்தகைய பாடு என்பது, போர்க் காலத்திலே மரநிழலிலும் தறப்பாளின் கீழும் பிள்ளைகளை இருத்திப் படிப்பித்த நம் வன்னி மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளைகளிடம் பணம் வாங்குவதில்லை. வீடுகள்தோறும் சோறு சமைக்குமுன் ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கச் செய்து, அந்தப் பிடியரிசியால் பள்ளிச் செலவின் ஒரு பகுதியை ஈடுசெய்தார். மிஷன் பாடசாலைகளுக்குக் கிடைத்த அரசாங்க நன்கொடை இப்பாடசாலைக்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை, 1870இலேதான் கிடைத்தது. இருபது வருடங்களுக்கு மேல் ஊராரின் அரிசியும் நாவலரின் உழைப்புமே அதைத் தாங்கின.

படிப்பிக்கப் புத்தகம் இல்லை என்று கண்டு, 1849இலே சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கி வந்தார். அப்பயணத்திலேதான் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்னும் பட்டத்தை வழங்கியது. அச்சியந்திரம் வந்ததும் பாலபாடங்கள் வெளிவந்தன. செய்யுளை மட்டுமே மனனஞ் செய்து பழகிய சிறுவர்களுக்கு, எளிய வசனத்திலே வகுப்புக்கு வகுப்பு படிமுறையாக எழுதப்பட்ட நூல்கள் அவை. நம் பாட்டன் பூட்டன்மார் பலர் எழுத்துக் கூட்டிப் படித்ததும் அவற்றிலேதான்.

எல்லாம் வெற்றியாய் முடிந்துவிடவில்லை. 1864இலே சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை நிறுவினார். 1872இலே வண்ணார்பண்ணையில் தொடங்கிய சைவ ஆங்கிலப் பாடசாலையோ பணமுடையால் நான்கு ஆண்டளவில் மூடப்பட்டது. இன்னொன்றையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். சாதி விடயத்தில் நாவலர் பழைய வழக்கத்தையே தழுவி நின்றார். எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்து படிக்கும் நிலை அவர் காலத்துக்குப் பின்னர், வேறு பலருடைய போராட்டத்தாலேயே வந்தது.

1879ஆம் ஆண்டு டிசெம்பர் 5ஆம் திகதி, கார்த்திகை மாத மக நட்சத்திரத்திலே நாவலர் சிவபதம் அடைந்தார். அவருடைய மாணாக்கர் சதாசிவப்பிள்ளை முதலானோர் பாடசாலையையும் அச்சுக்கூடத்தையும் தொடர்ந்து நடத்தினர். அன்று பிடியரிசியில் நடந்த அப்பள்ளிக்கூடம் இன்று நாவலர் மகா வித்தியாலயம் என்னும் பெயருடன் வண்ணார்பண்ணையில் இருக்கிறது. ஆலய மண்டபங்களிலே ஞாயிறுதோறும் அறநெறிப் பாடசாலைக்கு வரும் நம் பிள்ளைகள், கார்த்திகை மகத்திலே அவருடைய படத்துக்கு மாலை சூட்டிக் குருபூசை செய்கின்றார்கள்.